மாண்டிசோரியும் ஒரு குவளைத் தண்ணீரும்

தேனி, பெரியகுளம், போடி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என எங்கள் மாவட்டத்தின் ஊர்கள் பலவற்றில் மழலையர் பள்ளிகளின் பெயர்ப்பலகைகளில் மாண்டிசோரி என்ற சொல்லைக் காணலாம். அது ஒரு கல்வி முறையின் பெயர் என்று பெற்றோர் அறிவர். அது ஒரு பெண் மருத்துவரின் பெயர் என்பதை அறிந்தவர்கள் சிலர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், பெரியகுளத்தில் நின்று வடக்கே நிமிர்ந்து பார்த்தால் தெரியும் கொடைக்கானல் மலையில் அவர் ஏறத்தாழ 2 ஆண்டுகள் வாழ்ந்தார் என்பதை அறிந்தவர்கள் மிகச் சிலரே.

பெயர் நிலைத்துவிட்டது, அவர் செய்தது நிலைத்ததா என்பதே கேள்வி. பங்குனி வெயில் தொடங்கிய பின்னும் பல பள்ளிகளில் 3 வயதுக் குழந்தை பெஞ்சில் அமர்ந்து எழுத்துகளை வரிசையாக எழுதிக்கொண்டிருக்கிறது. வகுப்பறையில் அக்குழந்தைக்குக் கிடைக்கும் தண்ணீர், மூடி இறுகிய பாட்டிலில் இருப்பது மட்டுமே. அதையும் கீழே சிந்திவிட்டால் அதட்டல் விழும். மரியா மாண்டிசோரி தொடங்கிய முதல் பள்ளியிலோ, எழுத்துக்கு முன்பே குழந்தையின் கையில் தண்ணீர் தரப்பட்டது. கோடை நெருங்கும் இந்நாளில் அவரது வாழ்க்கையை நினைவுகூர்வதற்கு இதுவே காரணம்.

மரியா மாண்டிசோரி 1870 ஆகஸ்ட் 31 அன்று இத்தாலியில் அங்கோனா மாகாணத்தின் கியாரவல்லே என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை அலெஸ்ஸாந்த்ரோ அரசு நிதித்துறை அலுவலர். தாய் ரெனில்டே, பெண்கள் கற்பது அரிதாக இருந்த அக்காலத்தில் நூல்களை விரும்பிப் படித்தவர். தந்தையின் பணி மாற்றத்தால் குடும்பம் ரோம் நகரில் குடியேறியது. பெண்பிள்ளை ஆசிரியை ஆகலாம், அதற்கு மேல் கனவு காண வேண்டாம் என்பதே அன்றைய சமூக நினைப்பு. சிறுமி மரியாவோ பொறியாளராக விரும்பி, ஆண்பிள்ளைகள் பயிலும் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். பின்னர் மனம் மருத்துவத்தின் பக்கம் திரும்பியது.

மருத்துவக் கல்வி அவருக்கு எளிதாக அமையவில்லை. ஆண் மாணவர்களுடன் சேர்ந்து ஒரு பெண் உடற்கூறு ஆய்வில் ஈடுபடுவது முறையன்று எனக் கருதப்பட்டதால், மற்றவர்கள் சென்ற பின் தனியாகப் பிணவறையில் இருந்து அப்பாடத்தைப் படித்தார். 1896இல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்று, இத்தாலியின் தொடக்ககாலப் பெண் மருத்துவர்களுள் ஒருவரானார்.

பட்டம் பெற்ற பின் மனநல மருத்துவப் பிரிவில் பணியாற்றியபோது, அறிவுத்திறன் குறைந்தவர்கள் என ஒதுக்கப்பட்டு மனநோயாளர்களுடன் அடைத்து வைக்கப்பட்டிருந்த குழந்தைகளை அவர் கண்டார். அவர்களுக்குத் தேவைப்பட்டது மருந்து மட்டுமன்று, கைகளுக்கு வேலை என்ற முடிவுக்கு வந்தார். ழான் இதார், எதுவார் செகேன் என்னும் இரு பிரெஞ்சு மருத்துவர்கள் அவருக்கு முன்பே இத்துறையில் உழைத்திருந்தனர். அவர்களுடைய நூல்களை ஆழ்ந்து கற்று, தொட்டும் பொருத்தியும் பிரித்தும் அறியத்தக்க கற்றல் பொருள்களை உருவாக்கினார்.

1900இல் இத்தகைய குழந்தைகளுக்கென ரோமில் தொடங்கப்பட்ட நிறுவனத்தின் பொறுப்பு அவருக்கும் மருத்துவர் மொந்தெசானோவுக்கும் கிடைத்தது. அங்குப் பயின்ற சில குழந்தைகள் பொதுத்தேர்வில் மற்றக் குழந்தைகளுக்கு இணையாகத் தேறியபோது ஊர் வியந்தது. மாண்டிசோரிக்கு எழுந்த வியப்பு வேறு வகையானது. ஒதுக்கப்பட்ட குழந்தைகளால் இவ்வளவு முடியுமானால், நல்ல உடல்நலத்துடன் இருக்கும் குழந்தைகளை இந்தத் தாழ்ந்த நிலையில் நிறுத்தி வைத்திருப்பது எது என்று அவர் சிந்தித்தார். பின்னாளில் அவர் செய்த பணிகள் அனைத்தும் இவ்வினாவிலிருந்து பிறந்தவையே.

அவரது சொந்த வாழ்வில் ஆறாத வருத்தம் ஒன்றும் இருந்தது. மொந்தெசானோவுடனான உறவில் 1898இல் அவருக்கு மரியோ என்ற மகன் பிறந்தான். மணம் நிகழவில்லை. அன்றைய சமூகச் சூழலில் குழந்தையைத் தாமே வளர்க்க இயலாமல், நாட்டுப்புறக் குடும்பம் ஒன்றிடம் ஒப்படைத்தார். மகன் தாயுடன் வந்து சேர்ந்தபோது அவன் பதின்பருவத்தில் இருந்தான். உலகின் குழந்தைகளுக்காக உழைத்த ஒருவர் தம் குழந்தையின் மழலைப் பருவத்தை இழந்தார். அந்த மகனே பிற்காலத்தில் அவருக்கு உதவியாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் வழித்துணையாகவும் விளங்கினார்.

மாண்டிசோரியை உலகறியச் செய்த நாள் 1907 ஜனவரி 6. ரோம் நகரின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பான சான் லொரென்சோவில் அன்று ஒரு சிறு பள்ளி திறக்கப்பட்டது. குழந்தைகள் இல்லம் என்பது அதன் பெயர். அது தோன்றிய விதம் பொருளியல் மாணவர்கள் அறிய வேண்டிய ஒன்று. அப்பகுதியின் பாழடைந்த கட்டடங்களைச் சீரமைத்து வாடகைக்கு விட்ட ஒரு நிறுவனத்துக்கு ஒரு சிக்கல் எழுந்தது. பெற்றோர் விடிந்ததும் வேலைக்குச் சென்றுவிட, பள்ளி வயதை எட்டாத குழந்தைகள் மாடிப்படிகளில் ஓடியாடிச் சுவர்களைப் பாழாக்கினர். சுவர்களைப் பழுதுபார்க்கும் செலவைவிட, அக்குழந்தைகளை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் செலவு குறைவு என்று நிறுவனம் கணக்கிட்டது. அந்தப் பொறுப்பு மாண்டிசோரியிடம் வந்தது.

சுமார் 50 குழந்தைகள். வயது 3 முதல் 7 வரை. ஆசிரியப் பயிற்சி பெறாத ஒரு பெண்ணே முதலில் அவர்களைப் பார்த்துக்கொள்ளக் கிடைத்தார். உயர்ந்த பெஞ்சுகளுக்கு மாறாக, குழந்தையே தூக்கி நகர்த்தக்கூடிய சிறு மேசைகளையும் நாற்காலிகளையும் மாண்டிசோரி செய்வித்தார். மூன்று வயதுக் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் முகம் கழுவும் மேடைகள், சிறு நீர்க்கலங்கள், சோப்பு, துண்டு ஆகியவை வைக்கப்பட்டன. நாள்தோறும் குழந்தைகள் கை கழுவினர், நகங்களைத் தேய்த்துக் கொண்டனர், மேசைகளைத் துடைத்தனர், செடிகளுக்கு நீர் ஊற்றினர்.

அங்கு ஒரு புதுமை நிகழ்ந்தது. கை தூய்மையாகிவிட்ட பின்னும் சில குழந்தைகள் மீண்டும் மீண்டும் கழுவிக்கொண்டே இருந்தனர். வேலையை முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் அவர்களிடம் இல்லை. அச்செயல் அவர்களுக்கு உள்ளிருந்து எழும் ஒரு தேவையை நிறைவேற்றியது என்பதை மாண்டிசோரி கவனித்துப் பதிவு செய்தார். பெரியவர்கள் பயன் கருதிக் கழுவுகிறார்கள். குழந்தைகளோ தம் கைகளை ஆளக் கற்கும் பொருட்டுக் கழுவுகிறார்கள் என்பது அவர் கண்ட உண்மை.

அன்றாட வாழ்க்கைப் பயிற்சிகள் என அவர் வகுத்தவற்றில் தண்ணீருக்குத் தனி இடம் உண்டு. ஒரு கூஜாவிலிருந்து மற்றொன்றுக்குச் சிந்தாமல் ஊற்றுதல், விளிம்பு வரை நிரம்பிய குவளையை ஏந்தித் தரையில் வரைந்த கோட்டின்மீது நடத்தல், துணி துவைத்துப் பிழிதல், மலர்க்கிண்ணங்களில் நீர் நிரப்புதல் ஆகியவை அவற்றுள் சில. பாத்திரங்கள் உடையாதவையாக இருக்க வேண்டும் என்று அவர் கருதவில்லை. கண்ணாடியும் பீங்கானும் தரப்பட்டன. உடையும் பொருளைக் கையாளும்போதுதான் கை கவனம் கற்கிறது என்பது அவரது துணிபு.

இங்கே அவரது சிந்தனையின் மையக்கருத்தைக் காணலாம். குழந்தையின் தவற்றை ஆசிரியர் சுட்டிக்காட்டுவதைவிட, கையிலுள்ள பொருளே சுட்டிக்காட்டுவது நல்லது என்றார் அவர். அதற்குத் தண்ணீரைவிடச் சிறந்த பொருள் இல்லை. சாய்வு மிகுந்தால் சிந்துகிறது. வேகம் மிகுந்தால் தெறிக்கிறது. அளவு மிகுந்தால் வழிகிறது. மதிப்பெண் இல்லை, அதட்டலும் இல்லை. சிந்தியதைத் துடைக்க ஒரு துணி இருந்தால் போதும். துடைத்து முடித்த குழந்தை மீண்டும் ஊற்றத் தொடங்குகிறது. இரண்டாம் முறை கை சற்றுப் பதமாகச் சாய்கிறது.

1909இல் தம் முறையை விளக்கி அவர் எழுதிய நூல் வெளிவந்தது. 1912இல் ஆங்கிலத்தில் வந்தபின் உலகமெங்கும் பரவியது. 1913இல் அமெரிக்கா சென்றபோது பெரும் வரவேற்புக் கிடைத்தது. 1915இல் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியில் கண்ணாடிச் சுவர்களாலான வகுப்பறை ஒன்று அமைக்கப்பட்டு, குழந்தைகள் தாமாகக் கற்பதைப் பார்வையாளர்கள் வெளியிலிருந்து கண்டனர்.

மறுப்புகளும் எழுந்தன. வில்லியம் கில்பாட்ரிக் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1914இல் எழுதிய நூலில், மாண்டிசோரியின் கற்றல் பொருள்கள் குழந்தையின் கற்பனைக்குப் போதிய இடம் தரவில்லை எனக் குறை கூறினார். அக்குறையை முற்றாக மறுக்க முடியாது. குழந்தை செய்வதை மாண்டிசோரி விளையாட்டு என்று சொல்ல விரும்பவில்லை, வேலை என்றே சொன்னார். ஒவ்வொரு செயலுக்கும் ஓர் ஒழுங்கை வகுத்தார். தொட்டியில் காகிதக் கப்பல் விட்டு, அது கடல் என்று எண்ணி மகிழும் குழந்தைக்கு அவர் முறையில் இடம் குறைவு. இன்று முன்பருவக் கல்வியில் ஈடுபட்டிருப்போர் பலர் இரண்டும் தேவை என்பர். ஒழுங்காக ஊற்றிப் பழகும் நேரமும் வேண்டும், மனம் போனபடி அளைந்து மகிழும் நேரமும் வேண்டும். ஆனால், குழந்தையின் செயலைப் பெரியவர்கள் அற்பமாக எண்ணக்கூடாது என்ற அடிப்படையை நிலைநாட்டியவர்களில் மாண்டிசோரியின் இடம் பெரிது.

அவரது வாழ்வில் மற்றொரு சிக்கலான பகுதி முசோலினியுடனான தொடர்பு. பாசிச அரசு தம் பள்ளிகளுக்கு அளித்த ஆதரவை 1920களில் அவர் ஏற்றுக்கொண்டார். குழந்தைகளைச் சீருடைப் படையாக்க முனைந்த ஆட்சியும், குழந்தையின் தன்னுரிமையைப் போற்றிய கல்வியும் நெடுநாள் சேர்ந்திருக்க இயலவில்லை. 1934இல் அவர் இத்தாலியை விட்டு வெளியேறினார். அங்கிருந்த அவருடைய பள்ளிகள் மூடப்பட்டன. ஸ்பெயினில் வாழ்ந்தபோது 1936இல் உள்நாட்டுப் போர் மூண்டது. அங்கிருந்து தப்பி நெதர்லாந்தில் குடியேறினார்.

இந்தியாவுடன் அவருக்கு உறவு முன்பே ஏற்பட்டிருந்தது. குஜராத்தின் பாவ்நகரில் கிஜுபாய் பதேகா அவரது நூலைப் படித்து 1920இல் பாலமந்திர் என்ற குழந்தைகள் பள்ளியைத் தொடங்கியிருந்தார். 1931இல் வட்டமேசை மாநாட்டுக்காக லண்டன் சென்ற காந்தியடிகள், அங்கு மாண்டிசோரியின் பயிற்சிக் கல்லூரிக்கு வந்து உரையாற்றினார். உலகில் உண்மையான அமைதி வேண்டுமெனில் குழந்தைகளிடமிருந்து தொடங்க வேண்டும் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

1939 நவம்பரில், தம் 69ஆம் வயதில், பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று மாண்டிசோரி மகனுடன் சென்னை அடையாறு வந்து சேர்ந்தார். அழைத்தவர்கள் ஜார்ஜ் அருண்டேலும் அவர் துணைவியார் ருக்மிணி தேவியும். முதல் பயிற்சி வகுப்பில் இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் சுமார் 300 பேர் சேர்ந்தனர். தோப்பில் ஓலைக் குடிசைகள் எழுப்பி வகுப்புகள் நடந்தன. அவர் இத்தாலிய மொழியில் பேச, மரியோ ஆங்கிலத்தில் பெயர்த்துரைத்தார். சில மாதங்களில் திரும்பிவிடுவது அவர்கள் திட்டம்.

போர் அத்திட்டத்தைக் கலைத்தது. 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும், பிரிட்டிஷ் இந்திய அரசுக்கு அவர்கள் பகைநாட்டினர் ஆகிவிட்டனர். மரியோ அகமதுநகர் முகாமில் அடைக்கப்பட்டார். தாய் அடையாறு வளாகத்தை விட்டு வெளியேறத் தடை விதிக்கப்பட்டது. அவரது 70ஆவது பிறந்த நாளான ஆகஸ்ட் 31 அன்று, அவருக்குப் பரிசாக அரசு மரியோவை விடுவித்தது. அந்தச் செய்தியில் மரியோ அவருடைய மகன் என்றே குறிப்பிடப்பட்டிருந்தது. அதுவரை பொதுவெளியில் உறவினர் என்றே அறிமுகம் செய்யப்பட்டு வந்த மகனுக்கு, 42ஆம் வயதில் அந்த உரிமை வெளிப்படையாகக் கிடைத்தது.

1942இல் சென்னையில் ஜப்பானியத் தாக்குதல் குறித்த அச்சம் பரவியிருந்தது. அவ்வாண்டில் தாயும் மகனும் கொடைக்கானல் சென்றனர். சுமார் 7,000 அடி உயரத்தில், 1944 வரை அவர்கள் அங்கே தங்கினர். இலங்கையைச் சேர்ந்த லீனா விக்கிரமரத்ன உடனிருந்து உதவினார். இந்தியக் குழந்தைகளும் ஐரோப்பியக் குழந்தைகளும் சேர்ந்து பயிலும் ஒரு சிறு பள்ளி உருவாயிற்று. அதுவரை மாண்டிசோரியின் கவனம் பெரும்பாலும் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் இருந்தது. கொடைக்கானலில் வெவ்வேறு வயதுக் குழந்தைகள் ஒன்றாகக் காட்டிலும் ஓடைக்கரையிலும் சுற்றினர். இலைகளையும் பூச்சிகளையும் கற்களையும் கொண்டு வந்தனர். அவற்றைப் பற்றி வினவினர்.

அந்த வினாக்களிலிருந்தே பிரபஞ்சக் கல்வி என்று அறியப்படும் அவருடைய கருத்து முழு வடிவம் பெற்றது. பாடங்களைத் துண்டு துண்டாகப் பிரிக்காமல், உலகில் ஒவ்வொன்றும் மற்றொன்றுக்காக ஆற்றும் பணியைக் குழந்தைக்குக் காட்டுவது அதன் சாரம். அதில் நீர் ஒரு பெரும் பணியாளர். அது கடலிலிருந்து எழுந்து மழையாகிறது, மலையைக் கரைக்கிறது, மண்ணைச் சுமந்து சமவெளியில் சேர்க்கிறது. தீவும் ஏரியும், முனையும் விரிகுடாவும் எவை என்பதை, சிறு தட்டுகளில் நிலவடிவம் அமைத்து நீர் ஊற்றிக் கற்பிக்கும் வழக்கம் மாண்டிசோரி பள்ளிகளில் இன்றும் உண்டு. அன்று கூஜாவிலிருந்து ஊற்றக் கற்ற கைதான் பின்னர் அத்தட்டில் நீர் ஊற்றி நிலநூலைக் கற்கிறது.

கொடைக்கானலின் தென்சரிவில் பெய்யும் மழையில் ஒரு பங்கு பாம்பாறாக இறங்கி, கும்பக்கரையில் அருவியாக விழுந்து, பெரியகுளம் பகுதியை நனைக்கிறது. மோட்டார் சாலை அமைவதற்கு முன் மலையேறுவோர் பெரியகுளம் வழியாகத்தான் சென்றனர். இந்தப் பள்ளத்தாக்குக்கும் அந்த மலைக்கும் உள்ள உறவு தண்ணீரால் அமைந்தது. ஆயினும், மலைமேல் முதிர்ந்த அந்தக் கல்விச் சிந்தனை தண்ணீரைப் போல எளிதாகக் கீழிறங்கி வரவில்லை.

போர் முடிந்து 1946இல் ஐரோப்பா திரும்பிய மாண்டிசோரி, மீண்டும் இந்தியா வந்து 1949 வரை பணியாற்றினார். சென்னை, கொடைக்கானல், அகமதாபாத், கராச்சி, கொழும்பு என அவர் நடத்திய வகுப்புகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் பயிற்சி பெற்றனர். நோபல் அமைதிப் பரிசுக்கு மும்முறை அவர் பெயர் முன்மொழியப்பட்டது. 1952 மே 6 அன்று நெதர்லாந்தின் நோர்ட்வைக் என்ற கடற்கரை ஊரில் காலமானார். அவரை நாட்டை விட்டு வெளியேறச் செய்த இத்தாலி, 1990இல் தன் ஆயிரம் லிரா பணத்தாளில் அவர் உருவத்தை அச்சிட்டுச் சிறப்பித்தது.

இந்தியாவில் அவர் விட்டுச் சென்றதற்கு இரு கிளைகள் உண்டு. ஒன்று, நகரத்துக் கட்டணப் பள்ளிகள். அவற்றுள் அவருடைய முறையை நேர்மையாகப் பின்பற்றுபவை உண்டு. பெயரை மட்டும் எடுத்துக்கொண்டவை அவற்றைவிட அதிகம். அப்பெயருக்குத் தனியுரிமை கொண்டாடுவோர் எவருமில்லை என்பதால், யாரும் பலகை எழுதி மாட்டலாம். மற்றொரு கிளை ஏழைகளை நோக்கி வளர்ந்தது. கிஜுபாயுடன் பணியாற்றிய தாராபாய் மோடக், மகாராஷ்டிரத்தின் போர்டியிலும் பின்னர் கோஸ்பாட் பழங்குடியினர் பகுதியிலும், விலையுயர்ந்த கருவிகள் இல்லாமல், முற்றத்திலேயே குழந்தைகளைக் கூட்டிக் கற்பித்தார். அங்கே கிடைத்த விதை, கூழாங்கல், களிமண், தண்ணீர் ஆகியவையே கற்றல் பொருள்கள். முற்றம் எனப் பொருள்படும் அங்கன் என்ற சொல்லிலிருந்து அங்கன்வாடி பிறந்தது. தாராபாய் 1973இல் மறைந்தார். 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் மையங்கள் அப்பெயரையே தாங்கின.

எங்கள் ஊர்ப்புறத்தில் பால்வாடி என்று மக்கள் அழைக்கும் அந்த மையங்களுக்கு வரும் குழந்தைகள் யார்? கம்பம், போடி, உத்தமபாளையம் பகுதிகளிலிருந்து விடியும் முன்பே ஜீப்பில் ஏறி, கேரளத்தின் ஏலக்காய்த் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்லும் பெண்கள் ஏராளம். திராட்சைத் தோட்டங்களிலும் நெல் வயல்களிலும் உழைப்போரும் உண்டு. அவர்களின் குழந்தைகள் பாட்டியிடமோ பால்வாடியிலோ விடப்படுகின்றனர். 1907இல் சான் லொரென்சோவில் பெற்றோர் வேலைக்குச் சென்ற பின் மாடிப்படிகளில் அலைந்த குழந்தைகளின் நிலைக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. மாண்டிசோரியின் முறை வசதி படைத்தோருக்காகத் தோன்றியதன்று; இத்தகைய குழந்தைகளுக்காகவே தோன்றியது.

இப்பள்ளத்தாக்கின் செல்வமே தண்ணீர்தான். 1895இல் பென்னிகுவிக் அணையின் நீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே கிழக்கே பாயத் தொடங்கிய பின், இந்நிலத்தின் வாழ்வு மாறியது. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் விளைகிறது. பெரியவர்கள் நாள்தோறும் அணையின் நீர்மட்டத்தை அடிக்கணக்கில் பேசுகின்றனர். அவர்களுடைய பிள்ளைகளோ, முழுமை, பாதி, காலி என்பவற்றைத் தண்ணீரில் கைவைத்து அறியாமல், அச்சிட்ட படங்களில் வண்ணம் தீட்டிக் கற்கின்றனர்.

தண்ணீரில் குழந்தை என்ன கற்கும் என்று கேட்பவர்கள் உண்டு. சுவிட்சர்லாந்தில் மாண்டிசோரி சங்கத்தின் தலைவராக இருந்த உளவியல் அறிஞர் பியாஜே, ஒரே அளவு நீரை அகன்ற குவளையிலிருந்து உயர்ந்த குவளைக்கு மாற்றினால் நீர் கூடிவிட்டதாகவே சிறு குழந்தைகள் கருதுகின்றனர் என்று காட்டினார். வடிவம் மாறினும் அளவு மாறாது என்ற உண்மை பெரும்பாலும் 7 வயதை ஒட்டியே மனத்தில் நிலைக்கிறது. பிற்காலத்தில் லிட்டர் கணக்குப் போடும் அறிவுக்கு இதுவே அடித்தளம். துணியைப் பிழியும் விரல்களும் செம்பைச் சாய்க்கும் மணிக்கட்டும் பின்னாளில் பென்சிலைப் பிடிக்க ஆயத்தமாகின்றன.

மொழியும் வளர்கிறது. முகத்தல், ஊற்றுதல், தெளித்தல், சிந்துதல், ததும்புதல், வடிதல், கசிதல், தேங்குதல், மிதத்தல், அமிழ்தல் என்று நம் மொழியில் தண்ணீருக்கு எத்தனை வினைச்சொற்கள்! அவற்றைப் புத்தகத்தில் மனப்பாடம் செய்யும் குழந்தைக்கும், கையால் செய்துகொண்டே ஆசிரியையின் வாயால் கேட்கும் குழந்தைக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்ல வேண்டியதில்லை.

தடைகளாகக் கூறப்படுபவை மூன்று. முதலாவது, கோடையில் தண்ணீர்ப் பற்றாக்குறை. 5, 6 குழந்தைகளுக்கு ஒரு வாளி நீர் போதும். முடிந்ததும் அதை முருங்கைக்கோ கறிவேப்பிலைச் செடிக்கோ குழந்தைகளே ஊற்றலாம். அதனால் தண்ணீர் வீணாவதில்லை; வீணாக்கக்கூடாது என்ற பாடமும் சேர்கிறது. இரண்டாவது, நோய் பற்றிய அச்சம். நாள்தோறும் புதிய, தூய நீரை நிரப்பி, அன்றே காலி செய்து பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டால் கொசுவுக்கும் இடமில்லை. நிழலில், முற்பகலில், அரை மணி நேரம் வைத்தால் வெயிலும் தாக்காது.

மூன்றாவது தடை பொருட்படுத்தத் தக்கது. சிறு குழந்தை சில அங்குல ஆழ நீரிலும் மூழ்கி உயிரிழக்கக்கூடும். அதுவும் ஓசையின்றி நிகழும். எனவே, ஒரு பெரியவர் கைக்கு எட்டும் தொலைவில் இருந்தே ஆக வேண்டும். ஒரு நொடியும் விலகக்கூடாது. அகன்ற, தாழ்ந்த பாத்திரங்களே வேண்டும். மையத்தில் ஒரே ஒரு பணியாளர் இருந்து, அவரே சமையலையும் பதிவேட்டையும் கவனிக்கும் நிலையில் தண்ணீரை வைப்பது சரியன்று. ஆகவே, இது வாளி வாங்கும் செலவைப் பற்றிய வினா அன்று. பணியிடங்களை நிரப்பி, பயிற்சி அளித்து, குழந்தைகளுக்குப் போதிய கவனிப்பைத் தரும் அரசின் மனவுறுதியைப் பற்றிய வினா.

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லலாம். 2000ஆம் ஆண்டில் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜேம்ஸ் ஹெக்மன், ஏழைக் குடும்பத்துக் குழந்தைகளின் முதல் சில ஆண்டுகளில் செய்யப்படும் தரமான முதலீடு, பிற்காலத்தில் செய்யப்படுவதைவிட மிகுந்த பயன் தரும் என்பதை ஆய்ந்து எடுத்துரைத்தார். மாண்டிசோரிக்கு அறை கொடுத்த கட்டட நிறுவனம் சுவரின் பழுதை மட்டுமே கணக்கிட்டது. இழக்கப்படும் குழந்தைப் பருவத்தின் விலையைக் கணக்கிட வேண்டிய பொறுப்பு நம்முடையது.

தேனி மாவட்டத்தின் ஒவ்வொரு பால்வாடியிலும் மழலையர் பள்ளியிலும் இக்கோடையில் ஓர் அகன்ற தொட்டி, இரண்டு செம்பு, சில குவளைகள், ஒரு புனல், துடைக்க ஒரு துணி ஆகியவற்றை மரநிழலில் வைக்கலாம். அருகில் அமர ஓர் ஆசிரியை வேண்டும். பெற்றோரும், சட்டை நனைந்து வீடு திரும்பும் குழந்தையைக் கண்டு பள்ளியைக் கடிந்துகொள்ளாமல், இன்று என்ன செய்தாய் என்று குழந்தையைக் கேட்க வேண்டும். மாண்டிசோரியின் பெயரைப் பலகையில் எழுதியிருக்கும் பள்ளிகள், அவர் குழந்தைக்குத் தந்த அந்தக் குவளைத் தண்ணீரிலிருந்து தொடங்கலாம். அதற்குக் கட்டணம் உயர்த்தத் தேவையில்லை.